பார்த்தாச்சு என்றால் என்ன அர்த்தம்

அந்தப் பட்டறையில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பாத்தாச்சு. வயதில் சின்னவர்கள் பாத்தாச்சு அண்ணன் என்பார்கள். மேனேஜருக்குக் கோபம் வந்தால், "எங்கேய்யா போனார் இந்தப் பாத்தாச்சு?" என்று தகரக் கூரை அதிரக் கத்துவார். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். பெயர் வந்த விதம் பெரிய கதையில்லை. பிரேக் பார்த்தீர்களா என்று கேட்டால் பாத்தாச்சு. கிளட்ச்? பாத்தாச்சு. ஒரு நாள் சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கும் பாத்தாச்சு என்று சொல்லிவிட்டார். அன்றோடு ஒட்டிக்கொண்டது.

இருபத்தேழு வருஷமாக அங்கே இருக்கிறார். முதல் பதினாறு வருஷம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முழங்கால் மடங்க மறுத்த பிறகு இறுதிப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். பழுது பார்த்து முடிந்த வண்டி வெளியே போகும் முன் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி, ஜாப் கார்டின் அடியில் இருக்கும் சின்னக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைத் தாள் அலுவலகத்துக்கு, மஞ்சள் தாள் வண்டிக்காரருக்கு. கட்டத்தில் அவர் எழுதியது எப்போதும் ஒரே சொல். வாயில் பாத்தாச்சு, தாளில் பார்த்தாச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பானெட்டைத் திறக்காமலே, காதை வைத்து, எந்த பெல்ட் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள். ஆனால் ஒரு சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிறவன் நாற்பது தடவையும் அதை நினைத்தா எழுதுவான்? கை எழுதும், கண் அடுத்த வண்டியில் இருக்கும். வீட்டிலும் இதே கூத்துதான். குளியலறைக் குழாய் ஒன்றரை வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம் பாத்தாச்சு என்பார். குழாய் பாட்டுக்குச் சொட்டும்.

அவருக்கு ஆப்பு வைத்தது ஒரு ஃபில்டர்.

டீசல் வண்டியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. பட்டறையில் சும்மா ஃபில்டர் என்பார்கள். புகையோடு வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை அவ்வப்போது எரிக்கவும் வேண்டும். நல்ல சாலையில் வண்டி இருபது இருபத்தைந்து நிமிஷம் நிற்காமல் ஓடினால் குழாய் சூடேறி, கரி தானே எரிந்துவிடும். நடுவில் இன்ஜினை அணைத்தால் எரிப்பும் பாதியில் நின்றுபோகும். நான்கு தெரு ஓடி நின்று, மறுபடி நான்கு தெரு ஓடி நிற்கிற வண்டிக்கு அந்த ஃபில்டர் நாளுக்கு நாள் அடைத்துக்கொண்டே போகும். அடைத்தால் ஓட்டுநருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பட்டறைக்கு வர வேண்டும். நிற்கிற வண்டியிலேயே இன்ஜினை ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்துக் கரியை எரிப்பார்கள். முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

டயாலிசிஸ் மையத்து வேன் அப்படிப்பட்ட நான்கு தெரு வண்டி. நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வரும், நாலு மணி நேரம் கழித்துக் கொண்டுபோய் விடும். நாளெல்லாம் இதே சுற்று. மையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் பலகை: 'இங்கு இன்ஜினை அணைக்கவும்.' அணைக்காவிட்டால் வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டுவார். அந்த வேலைக்கு அந்த வண்டியை விற்றவரும் வாங்கியவரும் சாவி மாற்றிக்கொண்டு பல்லைக் காட்டியபடி எடுத்துக்கொண்ட படம் மையத்தின் வரவேற்பறையில் இன்னும் மாட்டியிருக்கிறது. படத்தில் டிரைவர் இல்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை, ஃபில்டர் என்று ஒன்று இருப்பதைச் சொல்லவும் இல்லை.

டிரைவர் ஒரு பெண். பட்டறையில் அவளை வேன் அக்கா என்பார்கள். முன்பு அதே மையத்தில் வார்டு பெருக்கிக்கொண்டிருந்தவள். பெரிய வண்டி லைசென்ஸுக்கு மூன்று தடவை தோற்று நான்காவது தடவை வாங்கினாள். எந்த நோயாளிக்கு எந்த ஜன்னல் பிடிக்கும், யாருக்குப் படியில் ஏற ஸ்டூல் போட வேண்டும், யார் ஊசி போட்ட கையை யாரும் தொடக்கூடாது என்பார்கள் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முதல் தடவை மஞ்சள் விளக்கு எரிந்தபோது அன்றே வந்துவிட்டாள். பாத்தாச்சு ஒழுங்காக முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி எரித்தார். "விளக்கு வந்தா ஓட்டாதீங்கம்மா, நேரா இங்க வந்துடுங்க" என்றார். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை எரிப்பு பாதியில் இருக்கும்போது மேனேஜர் வந்தார். வேன் நிற்கும் பின்வாசல் இடம் உடனே வேண்டும், ஒரு பெரிய மனிதரின் கார் வந்து நிற்கிறது என்றார். பாத்தாச்சு நிறுத்தினார். கரி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. விளக்கு மட்டும் அணைந்திருந்தது. கார்டில் பார்த்தாச்சு.

மூன்றாம் தடவைதான் தப்பு நடந்தது. அன்று வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அவளும் நிலைகொள்ளாமல் நின்றாள்.

"எவ்வளவு நேரமாகும்ண்ணே?"

"முக்கால் மணி."

"ஐயோ! நாலு பேர் டயாலிசிஸ் முடிஞ்சு, ஊசி எல்லாம் எடுத்துட்டு வாசல்லயே உக்காந்திருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுத்துடுங்களேன்."

சீக்கிரம் பார்க்க ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு வரி உண்டு: 'புதிய ஃபில்டர் பொருத்தப்பட்டது.' பழையதைக் கழற்றிப் புதிதை மாட்டிய பிறகு மட்டும் அழுத்த வேண்டிய பொத்தான். அழுத்தினால் வண்டி பழைய கரிக் கணக்கை மறந்துவிடும். தன்னிடம் இருப்பது புத்தம் புது ஃபில்டர் என்று நம்பிவிடும். விளக்கு அணையும், லேசில் திரும்பி வராது. மற்றவர்கள் அழுத்துவதை அவர் பார்த்திருக்கிறார், திட்டியும் இருக்கிறார். அன்று அவரே அழுத்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாவம், நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் உண்மையும் இருந்தது, அதுதான் தொந்தரவு.

"போயிட்டு வாங்கம்மா. பாத்தாச்சு."

"லைட்டு இனிமே வராதில்லண்ணே?"

"வராது."

வரவில்லை. இரண்டரை மாதம் ஃபில்டர் கழுத்து வரை நிரம்பியும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை மேம்பாலத்தின் ஏற்றத்தில் வேன் மூச்சு வாங்கி, நடை வேகத்துக்கு இறங்கி, நின்றே போனது. உள்ளே ஐந்து நோயாளிகள். பின்னால் ஹாரன் சத்தம். அவள் ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கி, போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றி அனுப்பினாள். கடைசியாகப் போன ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் மூன்று மணி நேரம் தாமதமாக மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மூச்சுத் திணறி, இரண்டு நாள் படுக்கையில் கிடந்து, பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தால்? அந்தக் கேள்வி பாத்தாச்சுவை அதன்பிறகு ஒரு நாள்கூட விட்டுவைக்கவில்லை.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே உருகி விரிசல் விட்டிருந்தது. புதிதுதான் மாட்ட வேண்டும். வாரண்டியில் வருமா வராதா என்று பார்க்க வண்டி தயாரித்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கசங்காத சட்டை, கையில் ஒரு டேப்லெட். ஃபில்டரை டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு அடைக்கிற வரைக்கும் விளக்கு எரியாம இருக்குமா? மாசக்கணக்கா எரிஞ்சிருக்கும். டிரைவர் கண்டுக்கல."

மேனேஜருக்கு அது காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. அன்று மாலையே அறிக்கை தயார். 'ஓட்டுநர் எச்சரிக்கை விளக்கை அலட்சியம் செய்து, தொடர்ந்து வாகனத்தை இயக்கியதே பழுதுக்குக் காரணம்.' கம்பெனி கையைக் கழுவியது, பட்டறை கையைக் கழுவியது. மையமும் கழுவத் தயாராக இருந்தது. எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு காகிதம் இருந்தது. அவளிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

அறிக்கையின் கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். கம்பெனி ஆள், மேனேஜர், இறுதிப் பரிசோதகர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மைய நிர்வாகி வருவார், எல்லோரும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவானது. கையெழுத்து விழுந்தால் அவளுக்கு வேலை போகும். வேலை மட்டுமல்ல. அலட்சியமான ஓட்டுநர், நோயாளிகளை ஆபத்தில் தள்ளியவர் என்று எழுதின காகிதம் பின்னாலேயே வரும்போது எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பள்ளிக்கூடம் அவள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கும்? திரும்பத் துடைப்பம்தான்.

வியாழக்கிழமை மதியம் மேனேஜர் பாத்தாச்சுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேனின் கம்ப்யூட்டர் பதிவை அச்செடுத்து வரச் சொல்லியிருந்தார். இரண்டு பக்கம் வந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில், தேதியோடு, 'புதிய ஃபில்டர் பொருத்தப்பட்டது' என்ற வரி. பக்கத்திலேயே அதை அழுத்தியவரின் எண். பாத்தாச்சுவின் எண்.

மேனேஜர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கத்தை நான்காக மடித்தார். மேசை டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"ஒரு பக்கம் போதும் அவங்களுக்கு."



"சார், அந்தப் பொண்ணு..."

"அந்தப் பொண்ணு என்ன? நான் உங்களுக்காகத்தான் பண்றேன், புரியுதா? பொத்தானை அமுக்கினது நீங்க. நான் இல்ல. நாளைக்கு வந்து கையெழுத்தப் போட்டுட்டுப் பேசாமப் போயிடுங்க."

சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வெளியே வந்தார். வெளியே அவருக்காக எட்டு வண்டிகள் காத்திருந்தன. ஏழுக்குப் பார்த்தாச்சு என்று எழுதினார். எட்டாவது கார்டில் பேனா நடுவழியில் நின்றது. அந்தக் காரின் டிக்கியை அவர் திறந்து பார்க்கவே இல்லை. திரும்பப் போய்த் திறந்து பார்த்தார். ஒன்றும் பிசகில்லை.  இதுவரை இந்த மாதிரி எத்தனை?

வீட்டுக்குப் போனதும் மனைவி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அவர் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவர், புத்தகத்தை அதன் இடத்தில் வைக்காவிட்டால் தூக்கம் வராத ஆள்.

"குழாயப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"யாரு பாத்தது?"

"என்னது?"

"பாத்தாச்சு, பாத்தாச்சுன்னா யாரு பாத்தது? நீங்களா, நானா, பக்கத்து வீட்டுக்காரரா? அந்த 'ஆச்சு' யாருங்க? ஒன்றரை வருஷமா இந்த வீட்டுல குடியிருக்கா, வாடகையும் குடுக்கல, ஒரு வேலையும் செய்யல."

எப்போதும் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையைப் பாதி கழற்றியபடி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பொத்தான், மேம்பாலம், டிராயர், நாளைய கையெழுத்து.  குளியலறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"விளக்கு வரவே இல்லைன்னு சொல்லுது."

"வந்துச்சா?"

"வரல. எப்படி வரும்?"

"அப்ப அது ஒண்ணுதான் உண்மையச் சொல்லுது."

அவர் பாதியில் நின்ற காலுறையைக் கழற்றி முடித்தார்.  மனைவி வேறு குரலில், மெதுவாகச் சொன்னார்: "இன்னும் மூணு வருஷந்தான் இருக்கு உங்களுக்கு அங்க. அதையும் நினைச்சுப் பாத்துக்கோங்க. எனக்குப் பயமா இருக்கு." சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவர் போல எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் மூன்று மணி. கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறை, நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஒரு பக்கம் மேனேஜரும் கம்பெனி ஆளும். எதிரே மைய நிர்வாகி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுகிற ஒரு அம்மா. அவர் பக்கத்தில் வேன் அக்கா, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. பாத்தாச்சு கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் கதவைப் பார்த்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மேனேஜர் அறிக்கையை வாசித்தார். நிர்வாகி டிரைவர் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றே?"

"லைட்டு வரல மேடம். வந்த மூணு தடவையும் அன்னைக்கே இங்க வந்துட்டேன். அப்புறம் வரவே இல்ல."

கம்பெனி ஆள் லேசாகச் சிரித்தார். "எல்லா டிரைவரும் இதத்தான் சொல்வாங்க மேடம்."

அவள் பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். மூன்று மஞ்சள் தாள்கள், மடிப்புக் கலையாமல். மேசையில் வரிசையாக வைத்தாள். தாள்களை நேராக்கிய பிறகுதான் கையை எடுத்தாள்.

"மூணுலயும் பாருங்க. பார்த்தாச்சுன்னு எழுதி அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காரு. பார்த்தாச்சுன்னு எழுதிக் குடுத்த பிறகு நான் வேற என்ன செய்யணும்?"

 காகிதமே இல்லாதவள் என்று நினைத்தவளிடம் மூன்று காகிதம். மேனேஜரின் கண் பாத்தாச்சுவைத் தேடியது. ஆனால் கம்பெனி ஆள் லேசுப்பட்டவரில்லை. ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பார்த்தாச்சுன்னா பார்த்தாச்சு. சரி செஞ்சாச்சுன்னு எங்கயும் எழுதலையே. டாக்டர் நோயாளியப் பாத்தார்னா நோய் குணமாயிடுச்சுன்னா அர்த்தம்?"

"அதானே" என்றார் மேனேஜர் அவசரமாக. "பார்த்துச் சொல்லியிருப்பாரு. இவங்க காதுல போட்டிருக்க மாட்டாங்க."

அவள் முகம் செத்துப்போனது. மூன்று மாதம் தலையணைக்கடியில் வைக்காத குறையாகப் பத்திரப்படுத்திய தாள்கள் அவளுக்கு எதிராகவே திரும்பிக்கொண்டன. நிர்வாகி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கதவோர நாற்காலியைப் பார்த்தார்.

"எழுதினவர் இவர்தானே? இவரையே கேப்போமே. ஏங்க, பார்த்தாச்சுன்னா என்ன அர்த்தம்?"

எல்லோரும் திரும்பினார்கள். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பதில் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பார்த்தேன், அவ்வளவுதான் அர்த்தம் என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், மூன்று வருஷம் நிம்மதி. மேனேஜர் கண்ணாலேயே அதைத்தான் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் மஞ்சள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்க அணைச்சாச்சுன்னு அர்த்தம்" என்றார்.

"புரியலையே."

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

"முத தடவை ஒழுங்கா எரிச்சேன். ரெண்டாவது தடவை பாதியில நிறுத்தினேன். மூணாவது தடவை ஒண்ணுமே செய்யல மேடம். புது ஃபில்டர் மாட்டின மாதிரி வண்டிக்குப் பொய் சொல்லிட்டேன். வண்டி நம்பிடுச்சு. அதனாலதான் விளக்கு வரல. அவங்க சொல்றது நிஜம். விளக்கு வந்திருந்தா அவங்க வந்திருப்பாங்க. நான்தான் வரவிடாமப் பண்ணினேன்."

"அண்ணே, உக்காருங்க" என்றார் மேனேஜர். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை அண்ணே என்று கூப்பிட்டார். "உடம்பு சரியில்ல மேடம் இவருக்கு. நாம அப்புறமா..."

"பதிவோட ரெண்டாவது பக்கம் சார் டிராயர்ல இருக்கு. தேதியும் இருக்கும், என் நம்பரும் இருக்கும்."

கம்பெனி ஆள் டேப்லெட்டை மூடினார். நிர்வாகி மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார், அது முன்பே மூடித்தான் இருந்தது.

பாத்தாச்சு உட்காரவில்லை. "இன்னும் ஒண்ணு மேடம். உங்க வாசல்ல இருக்கிற பலகை. அங்க ஒவ்வொரு தடவை இன்ஜின அணைக்கும்போதும் எரிப்பு நின்னு போகுது. அந்த வேன் அந்த வேலைக்கான வேனே இல்ல. அத அவங்ககிட்ட யாரும் சொல்லல. நானும் சொல்லல." தன் தப்பை ஒப்புக்கொண்ட கையோடு மற்றவர்கள் தப்பையும் இழுத்துப் போடுகிறோமோ என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். சொல்லாமல் விட்டால் அடுத்த ஃபில்டரும் அதே கதிதான்.

இரண்டாவது பக்கம் டிராயரிலிருந்து வெளியே வந்தது. அறிக்கையில் ஓட்டுநர்மேல் பழி போட்ட அந்த ஒரு வரி அடித்து நீக்கப்பட்டது. கம்பெனி வாரண்டி தர மறுத்தது, பட்டறையே புது ஃபில்டர் மாட்டித் தர வேண்டியதானது. மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பாத்தாச்சுவை இறுதிப் பரிசோதனையிலிருந்து தூக்கிப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். இனி எந்தக் கார்டிலும் அவர் கையெழுத்துச் செல்லாது. வேலை போகாமல் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதைத்தான் நினைத்தார், அவமானம் கொஞ்சம் ஆறிய பிறகு.

அன்று கூட்டம் முடிந்து நடைவழியில் அவள் அவரை மறித்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தார்.

"பதினோரு நாளுண்ணே" என்றாள். கண் சிவந்திருந்தது. "பதினோரு நாளா நான் வீட்டுல உக்காந்து யோசிச்சிட்டே இருக்கேன். லைட்டு எரிஞ்சு நாந்தான் பாக்காம விட்டுட்டேனோன்னு. என் வீட்டுக்காரரே கேக்குறாரு, நிஜமாச் சொல்லு, பாத்தியா பாக்கலையான்னு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கண்ணயே என்னால நம்ப முடியல. உங்களுக்கு முத நாளே தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அந்த மாஸ்டர் ஐயா செத்துப் போயிருந்தா?"

 அவள் மூன்று மஞ்சள் தாள்களையும் உறைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டாள். சுவரோடு சுவராக அவர் அங்கேயே நின்றார். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கூடக் கழற்றாமல் குளியலறைக் குழாயைப் பிரித்து, வாஷர் மாற்றி, முழங்கால் வரை நனைந்தபடி வெளியே வந்தார். 

ஆறு வாரம் கழித்து ஒரு பிற்பகல் வேன் பட்டறைக்குள் வந்தது. புது ஃபில்டர், பழைய தெருக்கள். மையத்தின் வாசல் பலகையை எடுத்துவிட்டார்கள், ஆனால் நான்கு தெருவை எட்டுத் தெருவாக்க யாராலும் முடியாது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் புதிய பரிசோதகர் சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"பாத்தாச்சு அண்ணன் எங்க?"

பின்வாசலில் அவர் வேறொரு வண்டியின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டார். அவள் சாவியை அவர் கையில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எரிச்சுக் குடுங்க. பாதியில நிறுத்தக்கூடாது."

"முக்கால் மணி ஆகும்மா."

"ஆகட்டும். நீங்க செய்ங்க. நான் பாக்குறேன்."

அவர் இன்ஜினை ஓடவிட்டு, கம்ப்யூட்டரை வேனோடு இணைத்துக் கட்டளை கொடுத்தார். குழாயிலிருந்து சூடு அலையலையாக வந்தது. அவள் ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் மிச்சக் கரியின் கணக்கு எழுபத்தெட்டு சதவீதம் என்றிருந்தது. எழுபது. அறுபத்து மூன்று. அவர் தேநீருக்காக ஓரடி எடுத்து வைத்தார்.

"இங்கயே நில்லுங்க" என்றாள், தலை நிமிராமல்.

நின்றார். நாற்பது. இருபத்தாறு. நடுவில் அவள் போன் அடித்தது. மையத்திலிருந்து. நாலு பேர் வாசலில் காத்திருக்கிறார்கள், எப்போது வருவாய் என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்பது அவருக்கும் கேட்டது. அவர் கை தானாகக் கம்ப்யூட்டர் பக்கம் நீண்டது. எண் பதினான்கில் இருந்தது. பதினான்கு என்பது ஒன்றுமில்லை, விளக்கு அணைந்தே விட்டது.

"அவ்வளவுதாம்மா, பாத்தா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னும் பதினாலு இருக்கு" என்றார்.

அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். "லேட்டாகும் மேடம், வேற வண்டிய அனுப்புங்க. இன்னும் முடியல" என்று சொல்லி வைத்துவிட்டு, மறுபடி திரையைப் பார்க்கத் தொடங்கினாள்.